சம்பளமும் சகுனமும்

டாரட் சீட்டு என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டைத்தான். 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகம் வெளியிட்ட கட்டு அது. பிற்பாடு வந்த நூற்றுக்கணக்கான கட்டுகள் அதைப் பார்த்து வரைந்தவை, அல்லது அதற்கு எதிராக வரைந்தவை. அந்தச் சீட்டுகளில் என்னென்ன உருவங்கள் இருக்கவேண்டும் என்று திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். 1891இல் 'கோல்டன் டான்' என்ற இரகசிய சங்கத்தில் சேர்ந்தவர். ரசவாதம், கபாலா, ரோஸிக்ரூசியர் என்று மறைஞானத்தின் எல்லாத் துறைகளிலும் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர். இந்த மனிதர் எதைத் தின்று வாழ்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் நம்மூர்க்காரர்களுக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். அந்தக் கட்டு வெளிவருவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் சம்பளம் வாங்கியது ஹார்லிக்ஸ் கம்பெனியில். காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போகும்போது நாம் கையில் வாங்கிச் செல்லும் அதே ஹார்லிக்ஸ்தான்.

வெயிட் அங்கே மேலாளர். விளம்பரம், அச்சு, விற்பனை தொடர்பான வேலைகள். பகலில் மால்ட் பாலின் பெருமை. மாலையில் சங்கத்துச் சடங்குகள், கையெழுத்துப் பிரதிகள். இரண்டையும் அவர் முற்றிலும் பிரித்து வைத்திருந்தார் என்றும் சொல்லமுடியாது. 1904இல் கம்பெனிக்காக ஒரு மாத இதழை நடத்தினார். 'ஆஸ்திரேலியா, இந்தியா, காலனிகளுக்கான ஹார்லிக்ஸ் இதழ்' என்ற பொருள்பட அதற்கு நீண்ட பெயர். சத்துமாவு விற்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்த இதழில் தம் நண்பர் ஆர்தர் மேக்கனின் கதைகளை வெளியிட்டார். இன்று ஆங்கிலத் திகில் இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்றாகக் கருதப்படும் 'வெள்ளை மனிதர்கள்' என்ற கதை முதலில் அச்சேறியது அங்கேதான். ஒரு கம்பெனியின் விளம்பரச் செலவு இவ்வளவு உருப்படியாகப் பயன்பட்ட இன்னொரு சம்பவத்தை எனக்குத் தெரிந்த இலக்கிய வரலாற்றில் காட்டுவது கடினம்.

டாரட்டின் பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் விளையாடப்பட்ட சாதாரணச் சீட்டாட்டம் அது. 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்பவர் இது எகிப்திய ஞானத்தின் எச்சம் என்று ஒரு போடு போட்டார். எகிப்திய எழுத்துகளை அப்போது எவராலும் படிக்கமுடியாது என்பதால் மறுப்பாரும் இல்லை. அன்றிலிருந்து 78 சீட்டுகளும் எதிர்காலம் பேசத் தொடங்கின.

வெயிட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இந்த இரட்டை வாழ்க்கை ஒன்றும் நமக்குப் புதிதல்லவே என்பதுதான். இன்றைக்கு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பதவியும் வார இறுதியில் டாரட் மேசையுமாக வாழ்கிறவரை நாம் ஏதோ புதுயுகப் பிறவியைப் போலப் பார்க்கிறோம். ஆனால் வேறொரு தொழிலும் குறி சொல்லும் அறிவும் ஓர் ஆளிடத்தில் கூடியிருப்பது தமிழ் எழுத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பொன்னமராவதி இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டிச் சிவகங்கைப் பக்கம் காலெடுத்து வைத்தால் மகிபாலன்பட்டி. பழைய பூங்குன்றம் இதுவே என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. புறநானூற்றின் 192ஆம் பாட்டை எழுதியவரின் ஊர். அந்தப் பாட்டின் முதல் அடியை உலகமெங்கும் எடுத்துச் சென்ற நாம் கவிஞரின் பெயரில் முதலில் நிற்கும் சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கணியன் என்பது தொழிற்பெயர். நாளும் கோளும் கணிப்பவன். இரண்டு பாட்டுத் தள்ளி, 194ஆம் பாட்டை எழுதியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணப்பறையும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் பார்த்து, இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று சொன்னவர். முகூர்த்தம் குறித்துக் கொடுக்கும் ஆளுக்கு மணவீடும் பிணவீடும் ஒரே நாளில் வருவது தினசரி அனுபவமாக இருந்திருக்கும். அந்த அனுபவமில்லாத ஒருவரால் அந்தப் பாட்டை எழுதியிருக்க முடியுமா என்பது எனக்கு ஐயமே.

இவர்களுக்கு நிகராக இன்னொருவர் கூடலூர் கிழார். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் என்று நாம் அறிவோம். ஒரு சேர மன்னனின் ஆதரவில் ஐந்நூறு குறும்பாட்டுகளை அடுக்கி ஒழுங்கு செய்த பதிப்பாசிரியர். அதே மனிதர், வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழக் கண்டு, தம் அரசனுக்குக் கேடு வரும் என்று ஏழு நாள் அஞ்சிக் காத்திருந்ததையும், ஏழாம் நாள் அது நடந்ததையும் புறநானூறு 229இல் எழுதினார். பலித்ததில் அவருக்குப் பெருமை ஏதுமில்லை. யானை கையை நிலத்தில் இட்டுத் துயில்வதும், முரசம் கண்கிழிந்து உருள்வதும்தான் பாட்டில் நிற்கின்றன.

ஆனால் குறி பார்ப்பதில் இரண்டு குலங்கள் உண்டு. அவற்றைக் கலந்துவிட்டால் பேச்சு குழம்பிவிடும். ஒன்று கணக்கு. வானத்தில் கோள்கள் இருக்கும் இடத்தை அறிந்து சொல்வது. மற்றது விழுதல். கையில் எடுத்த ஏதோ ஒன்று எப்படி விழுகிறது, எத்தனை மிஞ்சுகிறது என்று பார்த்துச் சொல்வது. சங்கப் பாட்டில் வேலன் கழங்கு உருட்டுகிறான். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணுகிறாள். மகள் ஏன் மெலிந்தாள் என்று தாய் கேட்கிறாள். முருகு அணங்கியது என்று பதில் வருகிறது. காரணம் வேறு என்று தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், பாட்டைப் படிக்கும் நமக்கும் தெரியும். குறியின் முன்னால் அமர்ந்திருப்பவள் தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாள் என்பதைச் சங்கக் கவிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். டாரட் மேசையில் நடப்பதைப் பற்றி இன்றைய உளவியலாளர்கள் சொல்வதும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை.

சமூகத்தில் இந்த இரண்டு குலங்களுக்கும் ஒரே மதிப்பு இருக்கவில்லை. கணிக்குக் கூலி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பங்கு பெற்ற பணிமக்களின் வரிசையில் கணியும் இருக்கிறான். கோயிலும் அரசும் அவனை வைத்துக் காப்பாற்றின. நிரந்தர வேலை என்று இன்று சொல்வோம். கட்டுவிச்சிக்கு முறத்தில் கிடந்த நெல்தான். அகவன் மகள் என்று குறுந்தொகை அவளை அழைக்கிறது. கையில் கோலோடு, நரைத்த கூந்தலோடு வீடுவீடாகப் போகிறவள். கணக்குப் போட்டவன் ஆண், மாதச் சம்பளக்காரன். நெல்லை எண்ணியவள் பெண், அன்றாடங்காய்ச்சி. பிறகு வந்த எல்லாக் கதைகளிலும் இந்தப் பிரிவு நிழலாகத் தொடர்கிறது.

புதுக்கோட்டைக்கு வருவோம். குடுமியான்மலை, திருமயம், நார்த்தாமலை என்று கல்வெட்டுகள் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இன்னொரு சிறு நிலப்பகுதி தமிழகத்தில் குறைவு. 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை வம்ச வாரியாகப் பிரித்து நூலாக்கியது. காலவரிசைப் பட்டியல் ஒன்றையும் அதே ஆண்டு வெளியிட்டது. ஒரு சிற்றரசு செய்த பெரிய காரியம் அது. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். சடையவர்மர் என்றும் மாறவர்மர் என்றும் மாறிமாறி வருவார்கள். சுந்தர பாண்டியர் பலர், குலசேகரர் பலர். ஆட்சியாண்டு மட்டும் இருக்கும், சகாப்தம் பெரும்பாலும் இராது. எந்தச் சுந்தர பாண்டியன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்வெட்டே ஒரு வழி தருகிறது. எந்த ஞாயிற்று மாதம், எந்தப் பக்கம், எந்தத் திதி, என்ன கிழமை, எந்த நட்சத்திரம் என்று ஐந்தையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஊர்க் கணி சொன்ன கணக்கு அது. இந்த ஐந்தும் ஒருசேர அமையும் நாள் எல்லா ஆண்டும் வராது. ஒரே அரசனின் பல கல்வெட்டுகளை எடுத்து இப்படிக் கணக்கிட்டால் அவன் பட்டமேறிய ஆண்டு சில மாத இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும். ஜெர்மானிய அறிஞர்கள் கீல்ஹார்னும் யாக்கோபியும் இந்த முறையில் பாண்டியர் காலவரிசையைக் கட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் பணியைப் பெருமளவுக்கு முன்னெடுத்தவர் ஓர் அரசு அதிகாரி: திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை.

லூயிஸ் டொமினிக் என்பது முதற்பெயர். கத்தோலிக்கர். 1865இல் பிறந்தவர். சென்னை மாகாண அரசுப் பணியில் படிப்படியாக ஏறி, சட்டமன்றத்தின் செயலராகவும் பிறகு அதன் இரண்டாவது தலைவராகவும் இருந்தவர். 1925 செப்டம்பரில் அந்தப் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். கோப்புகளும் கூட்டங்களும் கேள்வி நேரமுமாகக் கழிந்த இந்த வாழ்க்கையின் ஓரத்தில் அவர் செய்தது பஞ்சாங்கக் கணிதம். 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூல். 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் தரும் பெரும் பஞ்சாங்கம், பல தொகுதிகளில். கணிப்பொறி இல்லாத காலத்தில் நான்கு இலட்சத்துச் சொச்சம் நாட்கள். அதைச் சென்னை அரசே தன் அச்சகத்தில் அச்சிட்டது. வேலைக்கு வெளியே செய்த காரியம் வேலை கொடுத்தவரின் முத்திரையோடு வெளிவந்த இந்த மாதிரி யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவர் தொட்டதெல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்கு வரும் திதி, கிழமைக் குறிப்பையும் அடியார்க்கு நல்லார் உரையையும் பிடித்துக்கொண்டு 756ஆம் ஆண்டு என்று முடிவு கட்டினார். பரிபாடலின் 11ஆம் பாட்டில் கோள்கள் நிற்கும் இடங்களை வைத்து 634 என்றார். தமிழறிஞர் பலர் இவற்றை ஏற்கவில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. கல்வெட்டை வெட்டியவன் கொடை கொடுத்த நாளைப் பொய்யாக எழுத வேண்டியதில்லை, கவிஞன் அப்படியல்லன். காவியத்தில் வரும் வெள்ளிக்கிழமை நடந்த வெள்ளிக்கிழமையாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கணக்கில் தவறு செய்யாத மனிதர் இலக்கியத்தைச் சாசனமாக வாசித்ததில் சறுக்கினார் என்பது என் கருத்து. ஆனால் குடுமியான்மலையில் ஒரு பாண்டியக் கல்வெட்டின் முன் நிற்கும் ஆய்வாளர் இன்றும் அவர் வகுத்த வழியில்தான் ஆண்டைத் தேடவேண்டியிருக்கிறது. அவர் வாழ்வின் இறுதி ஆண்டில் வெளிவந்த நூல் பஞ்சாங்கமும் ஜாதகமும் பற்றியது. கணிதத்திலிருந்து பலன் வரைக்கும் உள்ள தூரத்தை ஓர் அதிகாரியின் நிதானத்தோடு அவர் அளந்து பார்த்திருக்கிறார்.

அந்தத் தூரத்தைக் கடந்து மறுகரை ஏறியவர் கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி. 1908இல் திருவையாற்றில் பிறந்தார். வேலை கிண்டி கிங் நிலையத்தில். 1899இல் தொடங்கிய அந்த நிலையம் பெரியம்மைத் தடுப்புமருந்தைத் தயாரித்த இடம். அம்மை கண்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய ஒரு நாட்டில், ஊசிமருந்தில் நம்பிக்கை வைத்த அரசு நிலையத்தில் சம்பளம் பெற்ற ஒருவர் மீதி நேரத்தில் ஜாதகம் பார்த்தார். முரண் என்று எடுத்த எடுப்பில் தோன்றும். அவர் செய்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மரபான சோதிடத்தில் அவரை அரித்த கேள்வி இரட்டையர் பற்றியது. சில நிமிட இடைவெளியில் பிறந்த இருவருக்கும் ஒரே லக்னம், ஒரே நட்சத்திரம், ஒரே கட்டம். வாழ்க்கை மட்டும் ஏன் வேறு? விதி என்று தள்ளிவிட்டுப் போகாமல், அளவுகோல் போதவில்லை, இன்னும் நுணுக்கமான கோடுகள் வேண்டும் என்று நினைத்தார். ஆய்வுக்கூடத்துப் பழக்கம் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் போட்ட கோடுகள் இவை. ஒரு நட்சத்திரத்தின் அளவு 13 பாகை 20 கலை. இதை விம்சோத்தரி தசையின் 120 ஆண்டுகளுக்கு ஒப்ப ஒன்பது சமமற்ற துண்டுகளாக்கினார். ஆறு ஆண்டுள்ள சூரியனுக்கு 40 கலை, இருபது ஆண்டுள்ள சுக்கிரனுக்கு 133 கலைக்குச் சற்று மேல், இப்படி. இவை உபநட்சத்திரங்கள். 27 நட்சத்திரங்களுக்கு 243 துண்டுகள். சில நட்சத்திரங்கள் இரண்டு ராசிகளில் கிடப்பதால் ராசி எல்லை அவற்றை அறுக்கிறது. அப்படி ஒன்பது நட்சத்திரங்கள். இவற்றில் செவ்வாயின் மூன்றில் ராசி எல்லை துண்டின் எல்லையிலேயே சரியாக விழுந்துவிடுகிறது. எஞ்சிய ஆறில் துண்டு இரண்டாகிறது. ஆகவே 249. நம்புகிறோமோ இல்லையோ, கணக்கின் அழகை ரசிக்காமல் இருக்கமுடியாது.

இந்த 249ஐ அவர் பயன்படுத்திய விதத்தில்தான் எனக்கு முக்கியமான விஷயம் இருக்கிறது. பிறந்த நேரம் தெரியாதவர் வந்தால் என்ன செய்வது? 1 முதல் 249 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னார். அந்த எண்ணுக்குரிய துண்டே லக்னம். கேட்கும் கணத்து வானத்தை அதோடு சேர்த்துப் பலன் சொன்னார். அதாவது, கணியின் கணக்கும் கட்டுவிச்சியின் நெல்லும் இங்கே சேர்ந்துவிடுகின்றன. வந்தவர் வாயிலிருந்து உதிரும் எண் கழங்கு போன்றது. உருவிய சீட்டும் அதுதான். வெயிட்டின் கட்டில் 78, கிளி சோதிடனின் கட்டில் 27, கிருஷ்ணமூர்த்தியிடம் 249. தற்செயலுக்கு இத்தனை வாசல் என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

1961இல் அவர் விருப்ப ஓய்வு பெற்றார். 1963இல் 'அஸ்ட்ராலஜி அண்ட் அத்ரிஷ்டா' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1972இல் மறைந்தார். அவர் முறை அவர் பெயரின் சுருக்கத்தோடு கே.பி. என்று இந்தியாவெங்கும் பரவியது. ஐம்பது வயதைத் தாண்டும் வரை அவர் கிண்டியை விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பலன் கேட்டு வருபவரின் காசை நம்பியே பிழைக்கும் சோதிடரால் 'தெரியவில்லை' என்று சொல்வது கடினம். ஒன்றாம் தேதி சம்பளம் வருபவரால் சொல்லமுடியும். பல ஆண்டுகள் சோதித்துப் பார்க்கும் அவகாசத்தை அந்த அரசுச் சம்பளம்தான் கொடுத்திருக்கவேண்டும்.

சம்பளம் கொடுப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 15ஆம் விதி, முன் அனுமதியின்றி வணிகமோ வேறு வேலையோ செய்யக்கூடாது என்கிறது. ஆனால் அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு விலக்கு உண்டு. சோதிடம் இந்த மூன்றில் எதில் அடங்கும் என்று ஒரு பிரிவு அலுவலர் மண்டையை உடைத்துக்கொள்வதைக் கற்பனை செய்து பார்க்கலாம். தனியார் நிறுவனங்களில் சங்கடம் வேறு வகை. 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியபோது, இரண்டாம் வருமானம் என்ற பேச்சே பல அலுவலகங்களில் கிசுகிசுப்பாக மாறியது. சீட்டுப் பார்ப்பது யாருக்கும் போட்டியில்லை. ஆனாலும், பகலில் திட்ட அறிக்கை சமர்ப்பிக்கும் ஒருவர் இரவில் எதிர்காலம் சொல்கிறார் என்று தெரிந்தால் அவருடைய அறிக்கையை மேலதிகாரி எந்தக் கண்ணோடு படிப்பார்? மறைப்பதற்கான காரணம் விதியில் இல்லை, அந்தப் பார்வையில் இருக்கிறது.

தெருவில் உட்காருகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. வேறு கவலை இருக்கிறது. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர் தொகுதியில் போட்டியிட்ட எழுத்தாளரும் இயக்குநருமான தங்கர் பச்சான் ஒரு கிளி சோதிடரிடம் சீட்டு எடுக்கச் சொன்னார். கிளி வெற்றிச் சீட்டை எடுத்தது. வனத்துறையினர் வந்து கிளிகளைப் பறிமுதல் செய்து சோதிடரைப் பிடித்துப்போய் எச்சரித்து அனுப்பினார்கள். குறி சொன்னது குற்றமன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளி வளர்த்ததுதான் குற்றம். வேட்பாளர் பின்னர் தோற்றார் என்பது தனிக்கதை. சட்டத்தில் தவறில்லை, கிளிக்குக் கூண்டு சுகமில்லை. ஆனால் குளிரூட்டிய அறையில் டாரட் பார்ப்பவருக்கு ஒரு கட்டணமும் ஒரு பட்டமும் இருக்க, கோயில் வாசலில் அதையே செய்பவர் துரத்தப்படுகிறார் என்பதையும் காணாமல் இருக்கமுடியவில்லை. அகவன் மகள் அன்றைக்கு நின்ற இடம் இன்னும் காலியாகவில்லை.

லண்டனிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். வெயிட் கருத்துச் சொன்னார் என்றேன். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 1909இல் சில மாதங்களில் அத்தனை சீட்டுகளுக்கும் படம் போட்டு முடித்தார். முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் சிறு சீட்டுகளில் எண்ணிக்கைக்கு ஏற்ப வாளோ கோப்பையோ மட்டும்தான் இருக்கும். மனிதர்களை அவற்றுக்குள் கொண்டுவந்தது இந்தக் கட்டின் சாதனை. 'நாணயம் எட்டு' என்ற சீட்டில் ஓர் இளைஞன் பணிப்பலகையில் குனிந்து, தன் எட்டாவது நாணயத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். ஊர் தூரத்தில் தெரிகிறது. பதவி உயர்வு கேட்டு வருபவருக்கு இந்தச் சீட்டு விழுந்தால் நல்லது என்பார்கள். பெரிய வேலையை மிகக் குறைந்த காசுக்கு முடித்திருப்பதாக பமீலா ஒரு நண்பருக்கு எழுதினார். பின்னர் கார்ன்வாலில் பியூட் என்ற கடற்கரை ஊரில் கடனோடு வாழ்ந்து 1951இல் இறந்தார். அச்சகத்தார் பெயரும் ஹார்லிக்ஸ் மேலாளர் பெயரும் சேர்ந்து அந்தக் கட்டு நெடுங்காலம் ரைடர்–வெயிட் என்றே விற்றது. அவருடைய பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மையில்தான் வந்தது. ஆனால் சீட்டுகளின் மூலையில், பாம்பு போல் சுருண்ட கோட்டில், தன் பெயரின் முதலெழுத்துகளை அவர் வரைந்து வைத்திருந்தார்.